வீட்டில் கட்டிய விமானத்தில் எரிபொருள் கணக்கு: நான் செய்கிற முறை

என்னுடையது ஆர்வி-9ஏ என்கிற, வீட்டிலேயே கட்டுகிற சிறிய விமானம், லைகோமிங் ஓ-320 இன்ஜின். மொத்தமே பதினோரு மணி நேரம் பறந்திருந்தபோது, 3,000 அடி உயரத்தில் இன்ஜின் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. டேங்கில் எரிபொருள் இருந்தது. கடுப்பே அதுதான்.

டேங்கைக் கட்டுவது, கசிவு பார்ப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை, அளவுக்குச்சி. டேங்கை முழுவதும் வடித்துவிட்டு, சமதரையில் நிறுத்தி, பத்துப் பத்து லிட்டராக ஊற்றிக் குச்சியில் கோடு போடுங்கள். கேனையும் விமானத்தையும் ஒயரால் இணைக்காமல் ஊற்றாதீர்கள். பெயின்ட் அடிக்காத மரக்குச்சிதான் நல்லது, ஈரம் பளிச்சென்று தெரியும். மிதவை மீட்டரை நான் நம்புவதில்லை. மூடி டேங்கின் வெளி ஓரத்தில் இருப்பதால், அளவு குறையக் குறைய எரிபொருள் உள்பக்கம் ஒதுங்கிவிடும். குச்சி காய்ந்தே வரும். காய்ந்து வந்தால் ஊற்றாமல் கிளம்புவதில்லை.

அடுத்து ஓட்டச் சோதனை. மூக்கை ஏறுகோணத்துக்குத் தூக்கி வைத்து, கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி, பம்பை ஓடவிட்டு அளந்து பாருங்கள். டேக்-ஆஃபில் தேவைப்படுவதைவிட 25 சதவீதமாவது கூடுதலாக வர வேண்டும். மணிக்கு 50 லிட்டர் என்றால் 62.5-க்குக் குறையக் கூடாது. பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கியபின் டேங்கில் மிச்சம் கிடப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது வால்வு, அதாவது எந்த டேங்கிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று திருப்பி வைப்பது. நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். கைப்பிடியில் நீளமான பக்கம் ஒன்று, குட்டையான பக்கம் ஒன்று. டேங்கைக் காட்டுவது குட்டை முனை. நானோ நீள முனையைப் பார்த்துத் திருப்பினேன், வால்வு மூடிக்கொண்டது. திரும்பவும் திறந்தபின் இன்ஜின் பிடிக்கச் சில நொடிகள்தான் ஆகியிருக்கும். அதற்குள் சட்டை நனைந்துவிட்டது. மறுநாளே குட்டை முனைக்குச் சிவப்பு அடித்தேன். மூடும் நிலைக்குப் போக, ஒரு பொத்தானைத் தூக்க வேண்டும் என்கிற வகை வால்வையும் வாங்கி மாட்டினேன். காசு பார்க்காதீர்கள்.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் விழுந்தது லாங்-ஈசி என்கிற, இதேபோல் வீட்டில் கட்டிய விமானத்தில். வரைபடப்படி வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். அதைக் கட்டியவர் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். எட்டித் திருப்பும்போது கால் ரடர் மிதியை (விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்புவது) அழுத்தியிருக்கும் என்பது விசாரணையின் முடிவு. உங்கள் வால்வைத் தோள்பட்டியை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடித் திருப்பிப் பாருங்கள்.

பறக்கும்போது அரை மணிக்கு ஒருமுறை டேங்க் மாற்றுகிறேன், சமையல் டைமர் வைத்து. முதலில் பம்ப், அப்புறம் வால்வு. கீழே இறங்க இடம் இருக்கும்போது மட்டும். எந்த டேங்கில் இன்ஜினைச் சூடேற்றிச் சோதித்தேனோ, அதிலேயேதான் கிளம்புவேன்.

அப்படியும் நின்றுவிட்டால், முதலில் மூக்கைத் தாழ்த்தி, இன்ஜின் இல்லாமல் சறுக்கிப் பறக்கும் வேகத்துக்கு வாருங்கள். பிறகு வயலைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பின்தான் டேங்க் மாற்றம், பம்ப், மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவைக் குமிழ்) முழுவதும் உள்ளே, கார்புரேட்டர் சூடு (உள்ளே பிடித்த பனியை உருக்கும் சூடான காற்று). ரன்வேயை விட்டுக் கிளம்பி முந்நூறு அடி உயரத்தில் என்றால் எதையும் நோண்டாமல் நேர் எதிரே இறங்குங்கள்.

பின்சேர்க்கை: வால்சக்கர விமானம் வைத்திருக்கும் ஒருவர், குச்சிக் கணக்கு தப்பாக வருகிறது என்றார். அவர் வாலைத் தூக்கி வைத்துக் கோடு போட்டிருக்கிறார். குச்சி விட்டு அளக்கும்போது விமானம் எப்படி நிற்குமோ, கோடு போடும்போதும் அப்படியே நிற்க வேண்டும்.