குட்டி கார் மீனுக்குத் தொட்டி அமைப்பது எப்படி?

நீண்ட மூக்கும் கூர்மையான பற்களும் கொண்ட கார் (gar) மீன் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், எந்தக் கார் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். இந்தக் குடும்பத்தில் 7 இனங்கள் உண்டு. எல்லாமே வட, மத்திய அமெரிக்கா, கியூபா ஆகிய பகுதிகளின் ஆறு, ஏரி, சதுப்புகளில் வாழ்பவை. விரல் நீளத்தில் பார்க்கும்போது எல்லாமே கண் முளைத்த குச்சிகள் மாதிரி ஒன்றுபோலத்தான் இருக்கும். வளர்ந்த பிறகு கதை வேறு. 2011இல் மிசிசிப்பியில் பிடிபட்ட அலிகேட்டர் கார் ஒன்று எட்டடிக்கு மேல் நீளம், 148 கிலோ எடை. வீட்டுத் தொட்டிக்கு அது சரிப்படவே படாது. எத்தனை பெரிய தொட்டி இருந்தாலும் என் பதில் அதுதான்.

குட்டியை மேலிருந்து பாருங்கள். மூக்கு நுனியில் தொடங்கி நடு முதுகில் முதுகுத் துடுப்பு வரை ஒரு வெளிர் கோடு தெளிவாக ஓடினால் அது அலிகேட்டர். விட்டுவிட்டு வாருங்கள். தலையிலும் உடம்பிலும் கரும்புள்ளிகள் இருப்பது ஃபுளோரிடா காராகவோ ஸ்பாட்டட் காராகவோ இருக்கலாம். நான் வளர்ப்பது ஃபுளோரிடா. அதுவும் இரண்டடியைத் தாராளமாகத் தாண்டும், பல ஆண்டுகள் வாழும். அப்புறம், சட்டம். ஜப்பானில் 2018 முதல் எந்தக் காரையும் அனுமதியின்றி வளர்க்க முடியாது. உங்கள் இடத்தில் என்ன விதி என்று பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தொட்டிக்கு வருவோம். எல்லோரும் நீளத்தைத்தான் கேட்பார்கள். காருக்கு அகலம்தான் முக்கியம். இந்த மீனின் உடம்பு முழுக்கக் கெட்டியான செதில்கள், ஒன்றோடொன்று கோத்த கவசமாக மூடியிருக்கும். மற்ற மீன்களைப் போலச் சட்டென்று வளைந்து திரும்ப அதற்கு வராது. ஒன்றரை அடி அகலத் தொட்டியில் இரண்டடிக் காரை விட்டால், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மூக்கு ஒரு கண்ணாடியிலும் வால் இன்னொரு கண்ணாடியிலும் இடிக்கும். முதுகு கோணி, மூக்கு வளைந்த கார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல குறுகிய தொட்டியில் வளர்ந்தவை.

விரல் நீளக் குட்டிக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் போதும். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 340 லிட்டர் பிடிக்கும். இது தற்காலிகம். முதல் வருடத்தில் கார் வளரும் வேகம் பயமுறுத்தும். பெரிய தொட்டி 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' வகை வேலை இல்லை. வளர்ந்த ஃபுளோரிடா காருக்கு 8 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு வரை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 1,300 கிலோவுக்கு மேல் வரும், கண்ணாடியும் ஸ்டாண்டும் தனி. அந்த எடையைத் தரை தாங்குமா என்று தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் குட்டியையே வாங்க வேண்டும்.

தண்ணீரை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். கார் செவுளால் மட்டும் மூச்சு விடுவதில்லை. அதன் காற்றுப்பை தொண்டையோடு சேர்ந்து நுரையீரலாகவும் வேலை செய்கிறது. அவ்வப்போது மேலே வந்து, செவுள் வழியாக ஒரு காற்றுக் குமிழி விட்டு, வாய் நிறையக் காற்றை எடுத்துக்கொண்டு இறங்கும். தண்ணீர் சூடாக ஆக இது அடிக்கடி நடக்கும். அதனால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவில் நான்கைந்து விரல் உயரமாவது இடைவெளி விடுங்கள். மூடி கண்டிப்பாக வேண்டும், கனமாகவும் வேண்டும். மரக்கட்டை மாதிரி மிதந்துகொண்டிருக்கும் இந்த மீன் மிரண்டால் அம்பாகப் பாயும். குழாய் போகும் ஓட்டை வழியாகக்கூடக் குட்டி வெளியே வந்துவிடும். அதை ஸ்பான்ஜ் வைத்து அடைத்துவிடுங்கள்.

மிரளாமல் இருக்க வெளிச்சத்தைக் குறையுங்கள். இருட்டு அறையில் தொட்டி விளக்கைத் திடீரென்று போடக் கூடாது. முதலில் அறை விளக்கு, கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டி விளக்கு. பின்பக்கமும் இரண்டு ஓரங்களும் கருப்புத் தாள் ஒட்டினால் கண்ணாடியில் மூக்கை இடிப்பது வெகுவாகக் குறையும். மேலே மிதக்கும் செடிகள் கொஞ்சம் போடுங்கள், குட்டி அதற்கடியில் போய் அசையாமல் நிற்கும். அடியில் மெல்லிய மணல் போடலாம், வெறும் கண்ணாடியாகவும் விடலாம். எனக்கு வெறும் கண்ணாடிதான் பிடிக்கும், கழிவு எங்கே கிடக்கிறது என்று தெரியும். கல், பொம்மை, கோட்டை எதுவும் வேண்டாம்.

ஃபில்டரைத் தாராளமாகப் போடுங்கள்: குட்டிக்கு ஒரு கேனிஸ்டரும் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டரும், பெரிய தொட்டிக்குச் சம்ப் (ஃபில்டராக வேலை செய்யும் தனித் தொட்டி). நீரோட்டம் மெதுவாக இருக்கட்டும். மீன் வருவதற்கு முன்பே தொட்டியைச் சைக்கிள் செய்து முடிக்க வேண்டும், அதாவது கழிவிலிருந்து வரும் அமோனியாவையும் நைட்ரைட்டையும் மாற்றும் நல்ல பாக்டீரியா ஃபில்டரில் வளர வேண்டும், இதற்கு 4 முதல் 6 வாரம் ஆகலாம். ஏற்கெனவே ஓடும் ஆரோக்கியமான தொட்டியின் ஸ்பான்ஜ் கிடைத்தால் சீக்கிரம் முடியும். தண்ணீரைச் சோதித்து, அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியமாகக் காட்டிய பிறகுதான் குட்டி. வெப்பம் ஃபுளோரிடா காருக்கு 22 முதல் 28 டிகிரி. பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 6.5க்கும் 8க்கும் நடுவில் எங்கே நிலையாக இருந்தாலும் சரி. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள், குளோரின் நீக்கி விட்டு.

வந்த முதல் நாள் தீனி போடாதீர்கள். வாலைக் கவனியுங்கள்: வால் துடுப்புக்கு மேலே மெல்லிய இழை ஒன்று தனியாக நீண்டிருக்கும். உடம்பு அசையாமல் நிற்கும்போதும் அது மட்டும் விடாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுபவர்கள் உண்டு. குட்டி காருக்கு அது இயல்பு, வளர வளரத் தானே மறைந்துவிடும்.

தீனி போடுவதில்தான் பொறுமை வேண்டும். சின்னக் குட்டி அசையாததைத் தீனியாகவே மதிக்காது. கொசுப்புழு, உயிருள்ள ரத்தப்புழு, பொடி கப்பி மீன் என்று தொடங்குங்கள், நாளுக்கு இரண்டு வேளை. கப்பி நீங்களே வளர்த்ததாக இருந்தால் நோய் பயம் குறைவு. தங்கமீன் குட்டிகளைத் தீனியாகப் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அவற்றில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது, தொடர்ந்து கொடுத்தால் மீன் நலிந்துவிடும்.

நன்றாகச் சாப்பிடத் தொடங்கியதும் செத்த தீனிக்கு மாற்றுங்கள். எலும்பில்லாத மீன் துண்டையோ தோல் உரித்த இறாலையோ குட்டியின் வாய்க்குத் தக்க சிறு கீற்றாக நறுக்கி, நீண்ட இடுக்கியில் பிடித்துக்கொள்ளுங்கள். மூக்குக்கு நேர் எதிரே நீட்டினால் அது பின்வாங்கும். கார் வேட்டையாடுவது பக்கவாட்டில். இரையின் அருகே நழுவி வந்து, தாடை இரைக்கு இணையாக வந்ததும் தலையை ஒரு வெட்டு வெட்டிக் கவ்வும். எனவே கீற்றைத் தாடையின் ஓரமாக, கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் நடுவே கொண்டுபோய் லேசாக ஆட்டுங்கள். கவ்விய பிறகு உடனே விழுங்காது. பற்களுக்கு இடையில் திருப்பித் திருப்பி நேராக்கிக்கொண்டுதான் உள்ளே தள்ளும். துப்பிவிட்டால் எடுத்துவிட்டு மறுநாள் முயலுங்கள். இது பழகிவிட்டால் மிதக்கும் பெல்லட்டுக்கும் மாற்றலாம், அதுதான் வசதி. ஒரு ஜாண் தாண்டியதும் நாளுக்கு ஒரு வேளை, முக்கால் வளர்ச்சிக்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

கூட்டாளி மீன் அவசரமில்லை. பிறகு வேண்டுமென்றால் பிச்சிர் (நீண்ட உடம்புள்ள ஆப்பிரிக்க மீன்) மாதிரி சாதுவான, வாயில் அடங்காத மீன்கள். துடுப்பைக் கடிக்கும் சிக்லிட் வகை மீன்கள் வேண்டாம். சமமில்லாத அளவில் இரண்டு கார் குட்டிகளைச் சேர்த்து விட்டால் பெரியது சின்னதை விழுங்கப் பார்க்கும்.

பெரிய தொட்டிக்கு மாற்றும்போது வலை போடாதீர்கள். பல் வலைக்கண்ணில் சிக்கிக்கொள்ளும், இழுத்தால் மூக்கு போகும். மீனைவிட நீளமான பிளாஸ்டிக் பெட்டியைத் தண்ணீருக்குள் சாய்த்து, மெதுவாக அதற்குள் ஒதுக்கித் தண்ணீரோடு தூக்குங்கள். பெட்டிக்கு மூடி வேண்டும், உள்ளே காற்றுக்கும் இடம் வேண்டும். மாற்றுவதற்கு முந்தின நாளும் மாற்றிய மறுநாளும் தீனி வேண்டாம். பழைய ஃபில்டரை அப்படியே கொண்டுபோய்ப் புதிய தொட்டியிலும் சில வாரம் ஓடவிடுங்கள்.