கொங்கு நாட்டுக்கு எந்த மாதம் வருகிறீர்கள்?

கோவை, ஈரோட்டு ஓட்டல்களில் பள்ளிபாளையம் சிக்கன் வருடம் முழுக்கக் கிடைக்கும். வீட்டுச் சாப்பாடு அப்படியில்லை. தோட்டங்காட்டில் என்ன விளைந்திருக்கிறதோ அதுதான் அடுப்பில் ஏறும். அதையும் கேட்டால்தான் போடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைக்குக் களியும் கூழுமா வைப்பது என்று நாட்டுக்கோழி அடித்துவிடுவார்கள். ஆகவே முந்தின நாளே போன் போட்டு, “சின்னம்மா, எனக்குக் கொள்ளும் சோறும் போதுமுங்க” என்று சொல்லிவிடுங்கள்.

பலரும் வருவது டிசம்பர், ஜனவரியில். அவரை, பச்சை மொச்சை, பொங்கலை ஒட்டிப் பனங்கிழங்கு எல்லாம் கிடைக்கும் காலம். குளிருக்குக் கொள்ளு. வேகவைத்து வடித்த தண்ணீர் ரசத்துக்கு. வெந்த கொள்ளோடு வரமிளகாய், சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் வதக்கிச் சேர்த்து ஆட்டினால் கொள்ளுப் பருப்பு. சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசையுங்கள். சித்திரையில் இதைக் கேட்டால் சூடு என்று அம்முச்சி (அம்மாவின் அம்மா) மறுத்துவிடுவார். அப்போது கம்மங்கூழ், மோர், நுங்கு.

ஜூலையில்தான் லீவென்றால் ஆடி முதல் தேதிக்கு ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் பக்கம் இருக்கப் பாருங்கள். அன்று தேங்காய் சுடும் நோன்பு. நார் உரித்து, ஓட்டைத் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடிப்பார்கள். பச்சைப்பயறு, அவல், எள், வெல்லம் உள்ளே போகும்; வடித்த தண்ணீரில் கொஞ்சம் திரும்ப ஊற்றி, அழிஞ்சிக் குச்சியால் அடைத்து, மஞ்சள் பூசித் தீயில் காட்டுவார்கள். ஓடு கருகி வெடித்ததும் பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைப்பது. எந்த ஓட்டலிலும் இந்த ருசி வராது.

மழைக்குப் பிறகு வந்தால் பண்ணைக்கீரைக் கடைசல் கேளுங்கள். அரிசியும் பருப்பும் சாதத்துக்கு மாதம் பார்க்க வேண்டியதில்லை.

ஊர் திரும்பும்போது ஈரோட்டு விரலி மஞ்சளை வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. மாசி, பங்குனியில் வந்தால் புது மஞ்சளே கிடைக்கும். ஊத்துக்குளி வெண்ணெயை அங்கேயே உருக்கிச் சாப்பிட்டு முடிப்பது உத்தமம். கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில் வைக்காதீர்கள். தீப்பற்றக்கூடியது என்று விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். செக்கில் ஆட்டிய எண்ணெய் என்றாலும் உங்கள் விமான நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.