உடைந்த கோது குழலுக்குள் இறுகினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்போக நெல் கதிர் தள்ளும் மாதங்களில் திருகோணமலை மாவட்டத்தின் தம்பலகாமம், மூதூர், வெருகல் பக்கம் பன்றிக்காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கும் 12 போர் (குழல் அளவு) துவக்குகளில் ஒரே கோளாறுதான் திரும்பத் திரும்ப வருகிறது. வெடி தீர்ந்தபின் துவக்கை மடித்தால் தோட்டாவின் பித்தளை அடி மட்டும் கழன்று வரும். அதன் பிளாஸ்டிக் கோது, அதாவது வெளியுறை, குழலின் அடியில் தோட்டா அமரும் அறைக்குள் இறுகி நிற்கும். துவக்கின் வாயை ஆள் பக்கம் திருப்பாதே என்பதெல்லாம் தெரிந்த விசயம். இறுகிய கோதை எடுக்கப்போய்ப் புதியவர்கள் செய்யும் மற்றப் பிழைகள்தான் இங்கே.

திருப்புளியால் கிண்டுவது

குழலையே நாசமாக்குவது இதுதான். ஒரு வெறுங்கோதுக்காக நல்ல துவக்கொன்று பாழாவதைப் பார்க்க மனம் பொறுக்காது.

வெடிக்கும் கணத்தில் கோது அழுத்தத்தால் விரிந்து அறைச் சுவரோடு ஒட்டும். அழுத்தம் இறங்கியதும் சற்றுச் சுருங்கி விடுபடும். சுவர் வழுவழுப்பாக இருந்தால்தான் அது நடக்கும். திருப்புளி நுனி ஒரு கீறல் போட்டுவிட்டால், அடுத்த கோது அந்தக் கீறலுக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும். கரியும் கடற்காற்றின் உப்பீரமும் அங்கேயே தங்கித் துருவைக் கிளப்பும். பிறகு எந்த நல்ல தோட்டாவும் இறுகும். பழி மட்டும் தோட்டாவின் தலையில் விழும். தோட்டா விளிம்பு அமரும் பள்ளம் நசுங்கினால் தோட்டா நேராக உட்காரவும் மாட்டாது.

செய்ய வேண்டியது வேறு. குழலுக்குக் கீழே உள்ள முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியே எடுங்கள். கோதுக்கும் சுவருக்கும் இடையே மெல்லிய எண்ணெய் சில துளி விட்டு, கால் மணி நேரம் பொறுங்கள். 12 போர் பித்தளைத் தூரிகையை அறைப் பக்கமிருந்து கோதுக்குள் செலுத்தி, மெல்லத் திருகிப் பின்னே இழுங்கள். இழுக்கும்போது மயிர்கள் எதிர்ப்பக்கம் மடங்கிக் கோதைக் கவ்வும். கோது குழலுக்குள் முன்னேறிப் போயிருந்தால், 16 மில்லிமீற்றர் மரத்தடியில் துணியை இறுகச் சுற்றி வாய்ப்பக்கமிருந்து அறைப்பக்கம் தள்ளுங்கள். அறை குழலைவிட அகலம், அதனால் அந்தத் திசைதான் இலகு. இரும்புக் கம்பி வேண்டாம்.

அடுத்த வெடி தள்ளிவிடும் என்று நம்புவது

குழல் வெடிக்கும். இடது கை அங்கேதான் இருக்கிறது.

வெடிக்காத தோட்டாவையும் இப்படியே எடுப்பது

இந்த முறை அடி கழன்ற வெறுங்கோதுக்கு மட்டும். உயிருள்ள தோட்டா இறுகியிருந்தால் தடியால் குத்தவே கூடாது. துவக்குத் திருத்துபவரிடம் கேளுங்கள்.

எண்ணெயைத் துடைக்காமல் விடுவது

எண்ணெய் படிந்த அறையில் கோது சுவரைப் பிடிக்காது. பின்னுதைப்பு முழுவதும் பூட்டில் விழும். உலர்ந்த துணியால் துடைத்து, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்த பிறகுதான் பூட்டவேண்டும்.

நீளம் பார்க்காதது

பழைய துவக்குகள் சிலவற்றின் அறை நீளம் 65 மில்லிமீற்றர். 70 மில்லிமீற்றர் தோட்டா உள்ளே போகும், துவக்கும் பூட்டிக்கொள்ளும். ஆனால் வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமில்லை. அழுத்தம் ஏறிக் கோது கிழியும். குழலின் அடியில் பொறித்த இலக்கத்தை வாசியுங்கள்.

றைபிளுக்கும் இதே வழி என்று எண்ணுவது

.303 போன்றவற்றில் அடி பிய்ந்து முன்பாதி நிற்கும். அதற்கென்றே ‘உடைகோது வாங்கி’ என்ற கருவி உண்டு: அறையில் இட்டுப் பூட்டை மூடினால் அதன் உதடு கோதின் வாயைத் தாண்டிக் கொளுவும், திறந்தால் இழுத்து வரும். வேறு அளவுக் கருவி உதவாது.

வாடைமழையில் தோட்டாவைக் காவல் கொட்டிலில் வைப்பது

பித்தளையில் பச்சை பூத்த தோட்டா அடி கழலக்கூடும். மூடி இறுகும் தகரப் பேணியில், வீட்டிலே வையுங்கள்.