பிடிபி லிஸனர் எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்

நான் முதன்முதலில் எழுதிய பிடிபி லிஸனர் (நெட்வொர்க்கில் வரும் நேரச் செய்திகளைக் கேட்டுக் காட்டும் புரோகிராம்) ஒரே மாலையில் ஓடிவிட்டது. பைதானில் எண்பது வரி இருக்கும். திரையில் வினாடிக்கு ஒரு வரி வந்துகொண்டிருந்தது: மாஸ்டர் கடிகாரத்துக்கும் என் லேப்டாப்புக்கும் 37 வினாடி வித்தியாசம். லேப்டாப் நேரம்தான் தப்பு என்று முடிவு கட்டி, அதைச் சரிசெய்ய அரை நாள் மல்லுக்கட்டினேன். லேப்டாப்பில் ஒரு கோளாறும் இல்லை. அந்த 37 எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இந்த வேலையில் தப்பு செய்தால் புரோகிராம் விழாது, எரர் காட்டாது. நம்பும்படியான ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இதில் எங்கெல்லாம் கால் வழுக்கும் என்று முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பிடிபி என்பது நெட்வொர்க்கில் உள்ள கடிகாரங்களை ஒன்றோடொன்று ஒத்துப்போக வைக்கும் ஐஇஇஇ 1588 தரநிலை. முதல் பதிப்பு 2002, இரண்டாவது 2008, இப்போதையது 2019. மொபைல் டவர், துணைமின் நிலையம், டிவி ஸ்டுடியோ போன்ற இடங்களில், கணினிகள் வழக்கமாக நேரம் சரிபார்த்துக்கொள்ளும் என்டிபியின் துல்லியம் போதாது. அங்கே இது இருக்கும். மாஸ்டர் கடிகாரம் சீரான இடைவெளியில் 'சிங்க்' செய்தி அனுப்பும். அதைக் கேட்டு, பிரித்து, காட்டும் புரோகிராமைத்தான் லிஸனர் என்கிறேன்.

ஒன்றுமே வரவில்லை என்றால்

பெரும்பாலோர் முதல் நாளிலேயே மாட்டிக்கொள்வது இங்கேதான். பிடிபி யூடிபியில் போகும்போது 319, 320 என்ற இரண்டு போர்ட்டுகளைப் பயன்படுத்தும், செய்திகள் 224.0.1.129 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு, அதாவது ஒரு குழுவில் சேர்ந்த எல்லோருக்குமான முகவரிக்குப் போகும். போர்ட்டைத் திறந்தால் மட்டும் போதாது, அந்த மல்டிகாஸ்ட் குழுவில் சேர வேண்டும். சேராவிட்டால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். நடுவில் இருக்கும் சுவிட்ச் புத்திசாலியாக இருந்தால், யாரும் கேட்காத செய்தியை உங்கள் போர்ட்டுக்கு அனுப்பவே அனுப்பாது.

குழுவில் சேரும்போது எந்த இன்டர்ஃபேஸ் என்று கேட்கும் இடத்தில் 0.0.0.0 கொடுப்பது அடுத்த தவறு. இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களில் பாதி அப்படித்தான் இருக்கும். அப்படிக் கொடுத்தால் கெர்னல் ரூட்டிங் டேபிளைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். லேப்டாப்பில் அது பெரும்பாலும் வைஃபை. பிடிபியோ கேபிளில் வருகிறது. கேபிள் இன்டர்ஃபேஸின் சொந்த முகவரியைக் கொடுத்தால் பிரச்சினை தீரும்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. குழுவில் சேர மறந்துவிட்டீர்கள், ஆனால் அதே மெஷினில் லினக்ஸின் பிடிபி புரோகிராமான 'பிடிபி4எல்' ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது குழுவில் சேர்ந்திருக்கும். லினக்ஸின் இயல்பான அமைப்பில், எல்லா முகவரிக்கும் திறந்து வைத்த உங்கள் சாக்கெட்டுக்கும் அதே செய்திகள் வந்துவிடும். புரோகிராம் ஜோராக வேலை செய்யும். பிடிபி4எல்லை நிறுத்திய நொடியில் உங்களுடையதும் ஊமையாகிவிடும். 'அதை நிறுத்தினால் ஏன் இது நிற்கிறது' என்று யாராவது தலையைச் சொறிந்தால் காரணம் இதுதான். இரண்டும் ஒரே போர்ட்டைப் பங்கிட, முகவரியை மறுபடி பயன்படுத்த அனுமதிக்கும் சாக்கெட் ஆப்ஷனை நீங்களும் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் போர்ட் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று கெர்னல் கைவிரிக்கும்.

'வயர்ஷார்க்கில் தெரிகிறது, என் புரோகிராமுக்கு வரவில்லை' என்பது அடுத்த புலம்பல். நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் கருவியான வயர்ஷார்க், பாக்கெட்டை ஃபயர்வாலுக்கு முன்பே எடுத்துப் பார்த்துவிடுகிறது. உங்கள் சாக்கெட்டுக்கு ஃபயர்வாலைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கே தெரிந்து இங்கே வரவில்லையென்றால் ஃபயர்வாலையும் குழுச் சேர்க்கையையும் பாருங்கள், கேபிளைப் பிடுங்கிச் சொருக வேண்டாம்.

வயர்ஷார்க்கிலும் யூடிபியாகத் தெரியவில்லையா? அது ஈதர்நெட்டிலேயே நேராகப் போகும் வகையாக இருக்கலாம். வண்டிகளிலும் ஏவிபி எனும் நெட்வொர்க் ஆடியோவிலும் வரும் ஜிபிடிபி என்ற பிடிபி வகை அப்படித்தான். ஐபி முகவரி, போர்ட் என்ற பேச்சே கிடையாது, ஈதர்நெட் பாக்கெட்டை அப்படியே தரும் ரா சாக்கெட்தான் வேண்டும். டெலிகாம் வகைகளில் ஒன்று ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக அனுப்பும். அதை ஓரமாக உட்கார்ந்து கேட்கவே முடியாது.

1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளைத் திறக்கத் தனி உரிமை வேண்டும். அதற்காக பைதான் இன்டர்ப்ரெட்டருக்கே அந்த உரிமையைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த மெஷினில் ஓடும் எல்லா பைதான் ஸ்கிரிப்ட்டுக்கும் அது போய்ச் சேரும்.

எட்டு பைட்டுகள்

சரி, செய்தி வந்துவிட்டது. ஒரு சிங்க் செய்தியின் முதல் எட்டு பைட்டுகளைத் தசம எண்ணில் எழுதினால் இப்படி இருக்கும்:

0, 2, 0, 44, 0, 0, 2, 0

முதல் பைட் 0 என்றால் சிங்க் என்று எழுதி வைப்பார்கள். உண்மையில் அந்த பைட்டின் கீழ் நான்கு பிட்டுகள் மட்டுமே செய்தியின் வகை: 0 சிங்க், 1 டிலே ரெக்வெஸ்ட், 8 ஃபாலோ அப், 9 டிலே ரெஸ்பான்ஸ், 11 அனௌன்ஸ். மேல் நான்கு பிட்டுகள் வேறு விஷயம். ஜிபிடிபியில் அங்கே 1 இருக்கும்; அதனால் அதே சிங்க் 16 என்று வரும், ஃபாலோ அப் 24 என்று வரும். முழு பைட்டையும் ஒப்பிட்டால் இரண்டும் உங்களுக்கு 'தெரியாத செய்தி'.

இரண்டாவது பைட்டிலும் இதே கதை. பதிப்பு 2 என்று ஒப்பிட்டு வைத்திருப்பீர்கள். 2019 தரநிலைப்படி 2.1 பேசும் கருவி வந்தால் அந்த பைட் 18 ஆகிவிடும். மேல் பாதியில் 1, கீழ் பாதியில் 2. புதுக் கருவி வாங்கியதும் லிஸனர் செத்துப்போனது என்றால் இங்கே பாருங்கள். மாறாக, இங்கே 1 வந்தால் அது 2002-ன் பழைய பதிப்பு. முகவரியும் போர்ட்டும் அதேதான், உள்ளே அமைப்பு முற்றிலும் வேறு. டான்டே ஆடியோ கருவிகள் இன்னும் அதைத்தான் பெரிதும் பேசுகின்றன. பிரிக்க முயலாமல் ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்த இரண்டு பைட் நீளம், 44. 'வந்தது 44 பைட்டா' என்று சோதிப்பது பாதுகாப்பு போலத் தோன்றும். ஆனால் ஈதர்நெட் ஃப்ரேமின் உள்ளடக்கம் குறைந்தது 46 பைட் இருக்க வேண்டும். ரா சாக்கெட்டில் படித்தால் கடைசியில் இரண்டு பைட் நிரப்பியாக ஒட்டிக்கொண்டு வரும். ஜிபிடிபியின் ஃபாலோ அப் கூடுதல் தகவலோடு 76 பைட்டாக வரும். எனவே, வந்தது செய்தி சொல்லும் நீளத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, அந்த நீளம் அந்த வகைக்குத் தேவையான அளவுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஐந்தாவது பைட் டொமைன். ஒரே வயரில் இரண்டு தனித்தனி பிடிபி உலகங்கள் இருக்கலாம். பொதுவாக 0, டிவி ஸ்டுடியோக்களின் எஸ்எம்பிடிஇ வகையில் இயல்பாக 127. இதை வடிகட்டாவிட்டால் இரண்டு மாஸ்டர்களின் நேரமும் ஒரே வரிசையில் கலந்து, வித்தியாசம் மேலும் கீழும் குதிக்கும்.

ஏழாவது பைட்டில் இருக்கும் அந்த 2 மிக முக்கியம். அது 'இரண்டு படி' கொடி. சிங்கில் உள்ள நேரத்தை நம்பாதே, சரியான நேரம் ஃபாலோ அப்பில் வருகிறது என்று மாஸ்டர் சொல்கிறது. பாக்கெட் வயரில் ஏறிய நொடி எது என்பது ஏறிய பிறகுதானே தெரியும்? அதனால் சிங்கை முதலில் அனுப்பிவிட்டு, அது கிளம்பிய நேரத்தைப் பின்னால் ஃபாலோ அப்பில் எழுதி அனுப்புகிறது. இந்தக் கொடியைப் பார்க்காதவர்களுக்கு சிங்கின் நேரம் சில கருவிகளில் வெறும் பூஜ்யமாக இருக்கும். அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். சில கருவிகள் தோராயமான நேரத்தைப் போட்டு அனுப்பும். அதுதான் ஆளைக் கவிழ்ப்பது.

நேரம் மொத்தம் பத்து பைட்: வினாடிக்கு ஆறு, நானோவினாடிக்கு நான்கு. பைதானில் ஆறு பைட் எண்ணை நேராகப் படிக்கும் எழுத்துக்குறி இல்லை என்பதால் எட்டாகப் படித்து, லட்சக்கணக்கான வருடங்களுக்கு அப்பால் உள்ள நேரத்தைக் காட்டுபவர்கள் உண்டு. சி-யில் ஸ்ட்ரக்ட் எழுதி பாக்கெட் மேல் அப்படியே பொருத்தினால் கம்பைலர் இடையில் இடைவெளி விட்டுவிடும். பைட் பைட்டாக எடுங்கள்; பெரிய பைட் முதலில்.

செய்தியில் உள்ள கரெக்ஷன் ஃபீல்டும் (நேரத்தோடு கூட்ட வேண்டிய திருத்த எண்) ஏமாற்றும். வழியில் உள்ள, பிடிபி தெரிந்த சுவிட்சுகள் தங்களிடம் பாக்கெட் தங்கிய நேரத்தை அதில் கூட்டிவிடும். அது நானோவினாடி இல்லை, நானோவினாடியை 65536-ஆல் பெருக்கியது. 2.5 நானோவினாடி என்றால் 163840 என்று இருக்கும். அது குறி உள்ள எண், எதிர்மமாகவும் வரலாம். இரண்டு படி முறையில் சிங்கிலும் ஃபாலோ அப்பிலும் உள்ள இரண்டையும் கூட்ட வேண்டும்.

அந்த 37 வினாடி

பிடிபி அனுப்புவது நாம் புழங்கும் யூடிசி இல்லை, டிஏஐ என்ற அணு நேரம். பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக யூடிசியில் அவ்வப்போது சேர்க்கும் லீப் வினாடி அதில் கிடையாது. இப்போதைய யூடிசி முறை 1972-ல் 10 வினாடி பின்தங்கியபடி தொடங்கியது. அதன்பின் 27 லீப் வினாடிகள் சேர்ந்தன. 2017 ஜனவரி 1 முதல் வித்தியாசம் 37. என் லேப்டாப் யூடிசியில் சரியாக இருந்தது, மாஸ்டர் டிஏஐயில் சரியாக இருந்தது, நான்தான் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக்கொண்டிருந்தேன்.

காரணம் தெரிந்ததும் கோடில் 37 என்று எழுதிவிடத்தான் கை போகும். நானும் எழுதினேன். ஒரு வாரம் கழித்து வேறொரு மாஸ்டரோடு சோதித்தபோது வித்தியாசம் மைனஸ் 37 ஆகிவிட்டது! அது யூடிசியையே அனுப்பிக்கொண்டிருந்தது. இந்த விவரமெல்லாம் மாஸ்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் அனௌன்ஸ் செய்தியில் இருக்கிறது: எட்டாவது பைட்டில் 8 மதிப்புள்ள பிட் இருந்தால் நேரம் டிஏஐ, 4 மதிப்புள்ள பிட் இருந்தால் அதே செய்தியில் உள்ள யூடிசி வித்தியாச எண்ணை நம்பலாம். அனௌன்ஸ் இயல்பாக இரண்டு வினாடிக்கு ஒருமுறைதான் வரும். முதல் அனௌன்ஸ் வரும்வரை வித்தியாசத்தைக் காட்டாமல் காத்திருங்கள்.

செய்தி எப்போது வந்தது

வந்த நேரத்தைக் குறிக்க, பாக்கெட்டைப் படித்த அடுத்த வரியில் பைதானின் டைம் ஃபங்ஷனைக் கூப்பிடுவது எல்லோரும் செய்வது. அதில் இரண்டு ஓட்டை. அது தருவது ஃப்ளோட். இன்றைய தேதியில் அந்த ஃப்ளோட்டால் சுமார் 238 நானோவினாடிக்குக் கீழே பிரித்துச் சொல்ல முடியாது. நானோவினாடியை முழு எண்ணாகத் தரும் இன்னொரு ஃபங்ஷன் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, பாக்கெட் வந்த பிறகு உங்கள் புரோகிராம் எழுந்து ஓட எவ்வளவு நேரமாகும் என்பது மெஷினின் மனநிலையைப் பொறுத்தது. கெர்னலிடமே நேர முத்திரை கேட்டு வாங்கலாம். அது பாக்கெட்டோடு கூடவே வரும்.

நெட்வொர்க் கார்டே முத்திரை குத்தும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்த முத்திரை கார்டுக்குள் இருக்கும் தனிக் கடிகாரத்தின் நேரம். அது உங்கள் சிஸ்டம் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதை சிஸ்டம் நேரத்தோடு ஒப்பிட்டு 'ஐம்பது வருட வித்தியாசம்' என்று பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், வெறுமனே கேட்கும் புரோகிராமால் கடிகார வித்தியாசத்தைத் தனியாகப் பிரிக்க முடியாது. பாக்கெட் வயரில் வந்த நேரமும் அதில் கலந்திருக்கும். அதைப் பிரிக்க டிலே ரெக்வெஸ்ட் அனுப்பிப் பதில் வாங்க வேண்டும். அது லிஸனர் வேலை இல்லை. எனவே திரையில் 'வித்தியாசம்' என்று எழுதாமல் 'வித்தியாசமும் பயண நேரமும்' என்று எழுதுங்கள். இதைப் பார்த்து யாரும் சிஸ்டம் கடிகாரத்தைத் திருப்பிவிடக் கூடாது.

ராத்திரியில் வரும் பிழை

கடைசியாக ஒன்று, இதைப் பிடிக்க எனக்கு மூன்று ராத்திரி ஆனது. சிங்கையும் அதன் ஃபாலோ அப்பையும் ஜோடி சேர்க்க வரிசை எண் இருக்கிறது. சிங்க் 319-ல் வரும், ஃபாலோ அப் 320-ல் வரும். இரண்டு சாக்கெட் என்பதால் ஃபாலோ அப்பை முதலில் படித்துவிட வாய்ப்பு உண்டு. அதற்காக எது முதலில் வந்தாலும் ஒரு டிக்ஷனரியில் போட்டு, ஜோடி வந்ததும் சேர்த்தேன். மாஸ்டரின் அடையாளம், டொமைன், வரிசை எண் மூன்றையும் சாவியாக வைத்தேன். எல்லாம் சரி.

வரிசை எண் 16 பிட். 65535-க்கு அடுத்து 0. வினாடிக்கு ஒரு சிங்க் என்றால் 18 மணி 12 நிமிடம் 16 வினாடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். வழியில் எங்கோ ஒரு சிங்க் தொலைந்து, அதன் ஃபாலோ அப் மட்டும் டிக்ஷனரியில் அநாதையாகக் கிடந்தது. மதியம் கிளப்பிவிட்டுப் போன புரோகிராமில், மறுநாள் விடியற்காலை அதே எண்ணில் புது சிங்க் வந்தது. பழைய ஃபாலோ அப் அதைக் கட்டிக்கொண்டது. பதிவில் ஒரே ஒரு வரி, வித்தியாசம் 65536 வினாடி. அடுத்த வரி மறுபடி சாதாரணம்.

இப்போதெல்லாம் இரண்டு வினாடிக்குள் ஜோடி கிடைக்காத செய்தியைத் தூக்கி எறிந்துவிடுகிறேன், எத்தனை எறிந்தேன் என்ற எண்ணிக்கையை மட்டும் பதிவில் போடுகிறேன்.