விக்கிப்பீடியாவில் நீங்கள் எழுதியதை ஒருவர் அழித்துக்கொண்டே இருந்தால்

ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்கு இருக்கிறது, தொகுக்கவும் மேற்கோள் சேர்க்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். சென்னை கட்டுரையில் மக்கள்தொகை 46.46 லட்சம் என்று போட்டீர்கள். இன்னொருவர் வந்து 86 லட்சம் என்று மாற்றினார். நீங்கள் பழையபடி ஆக்க, அவரும் விடவில்லை. இனிச் செய்ய வேண்டியவை இவை.

1. முதலில் நிறுத்துங்கள்

ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்றுக்கு மேல் மீளமைத்தால் (மற்றவர் செய்ததைப் பழையபடி ஆக்கினால்) பெரும்பாலும் தடை விழும். ஒரே வரியை மீளமைத்தால்தான் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பக்கத்தின் எந்த மூலையிலும், யார் எழுதியதையும், பாதி நீக்கினாலும் கணக்கில் சேரும். பொத்தானை அழுத்தாமல் கையால் தட்டச்சு செய்தாலும் அதேதான். இடையில் வேறு யாரும் தொகுக்காமல் நீங்கள் அடுத்தடுத்துச் செய்தவை மட்டும் ஒன்றாக எண்ணப்படும். 24 மணி நேரம் முடிந்ததும் நான்காவதைப் போடும் தந்திரம் நிர்வாகிகளுக்குப் பழகிப்போன ஒன்று. அதற்கும் தடை உண்டு. என்னைக் கேட்டால் ஒரு மீளமைப்போடு நிறுத்திவிடலாம். தவறான எண் ஒரு வாரம் பக்கத்தில் கிடந்தால் குடி முழுகிவிடாது.

தொகுப்புச் சுருக்கத்தில் ‘விஷமத் தொகுப்பு’ என்று எழுதாதீர்கள். எதிராளி நல்லெண்ணத்தோடு செய்திருந்தால், அந்த ஒரு சொல்லே பின்னால் உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

2. வரலாற்றைப் பாருங்கள்

அந்த வரி எப்போது, யாரால் வந்தது? ஒவ்வொரு பதிப்பாகத் திறந்து பார்க்க வேண்டாம். வரலாற்றுப் பக்கத்தின் மேலே விக்கிபிளேமுக்கு இணைப்பு இருக்கும். வாசகத்தைக் கொடுத்தால் அது சேர்ந்த தொகுப்பைக் காட்டும். அந்தத் தொகுப்பில் என்ன மாறியது என்று காட்டும் வேறுபாட்டு (diff) இணைப்பை எடுத்து வையுங்கள். திரைப்பிடிப்பை யாரும் மதிக்க மாட்டார்கள்.

3. பேச்சுப் பக்கத்தில் அழையுங்கள் (வழுக்குமிடம் இதுதான்)

‘கூப்பிட்டேன், பதிலே இல்லை’ என்று புலம்புபவர்களில் பலருடைய அழைப்பு எதிராளிக்குப் போய்ச் சேர்ந்தே இருக்காது. அவருடைய பயனர் பக்க இணைப்பும் உங்கள் கையொப்பமும் (~~~~) ஒரே சேமிப்பில் போக வேண்டும். கையொப்பத்தை மறந்து, அடுத்த தொகுப்பில் அதை மட்டும் சேர்த்தால் அறிவிப்பு போகாது. பெயரில் எழுத்துப்பிழை விட்டு, பிறகு பெயரை மட்டும் திருத்தினாலும் போகாது. பிழையான செய்தியை அப்படியே விட்டுவிட்டு, கீழே புது வரியில் பெயரும் கையொப்பமுமாக மறுபடி எழுதுங்கள்.

இதனாலேயே மூலத்தைத் தொகுப்பதைவிட ‘பதிலளி’ பொத்தானைத்தான் பரிந்துரைப்பேன். கையொப்பத்தை அதுவே போட்டுவிடும், @ அடித்தால் பெயரையும் எடுத்துத் தரும்.

4. முன்மொழிவாக எழுதுங்கள்

‘ஏன் அழித்தீர்கள்?’ என்று தொடங்கினால் சண்டைதான் வளரும். கட்டுரையில் எந்த வாக்கியம் வர வேண்டும் என்று எழுதி, கீழே சான்றை வையுங்கள். சென்னை விஷயத்தில் இரண்டு எண்ணுமே சரி. 2011 கணக்கெடுப்பில் பழைய மாநகராட்சி எல்லைக்குள் 46.46 லட்சம், புறநகரையும் சேர்த்த பெருநகரப் பகுதிக்குச் சுமார் 86 லட்சம். போதாக்குறைக்கு அதே ஆண்டில் மாநகராட்சி எல்லை 426 சதுர கி.மீ. ஆக விரிந்தது, அதற்குக் கூட்டினால் சுமார் 67 லட்சம் வரும். எந்த எல்லை என்று வாக்கியத்திலேயே சொல்லிவிட்டால் சண்டைக்கு இடமில்லை.

போலந்தின் கதான்ஸ்க் நகரப் பெயர்ச் சண்டையும் இப்படித்தான் அடங்கியது. 2005இல் வாக்கெடுப்பு நடத்தி, 1308 முதல் 1945 வரையிலான காலத்துக்கு டான்சிக், மற்றக் காலங்களுக்குக் கதான்ஸ்க் என்று பிரித்துக்கொண்டார்கள்.

5. ஒத்துவரவில்லையா, வெளியாளைக் கூப்பிடுங்கள்

இரண்டே பேர் என்றால் ‘மூன்றாம் கருத்து’ப் பக்கம். பேச்சுப் பக்கத்தில் ஏற்கெனவே விவாதித்திருக்க வேண்டும். அங்கே உங்கள் பெயர் தெரியக்கூடாது, ஐந்து ~ போட்டுத் தேதியை மட்டும் விடுங்கள். வரும் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது; ஆனாலும் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். சான்றின் தரம்தான் பிரச்சினை என்றால் நேரே நம்பகமான சான்றுகளுக்கான அறிவிப்புப் பலகைக்குப் போங்கள்.

ஆள் அதிகமென்றால் ‘கருத்துக் கோரல்’: அதற்கான வார்ப்புருவைப் பேச்சுப் பக்கத்தில் போட்டு, அதன் கீழே கேள்வியை எழுதுங்கள். கேள்வி ஒரே வாக்கியத்தில், சாய்வில்லாமல் இருக்கட்டும், உடனே கையொப்பம். வார்ப்புருவிலிருந்து முதல் தேதி முத்திரை வரையுள்ளதைத்தான் தானியங்கி பட்டியலுக்கு எடுத்துப்போகும். நடுவில் கையொப்பமில்லாமல் நான்கு பத்தி வாதம் வைத்தால் பட்டியலில் உங்கள் கேள்வியே வராது. வாதத்தைக் கையொப்பத்துக்குக் கீழே தனியாக எழுதுங்கள். பொதுவாக 30 நாள் ஆனதும் தானியங்கி வார்ப்புருவை எடுத்துவிடும்.

பின்சேர்க்கை: சிலர் கேட்டிருந்தார்கள். ‘நண்பர்களை வந்து ஆதரிக்கச் சொல்லலாமா?’ கூடாது. வாட்ஸ்அப் குழுவில் ஆள் திரட்டினால், சான்று உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு கைவிட்டுப் போகும். தொடர்புள்ள விக்கித்திட்டத்தின் (அந்தத் துறைக் கட்டுரைகளைக் கவனிக்கும் குழுவின்) பக்கத்தில் ‘இங்கே ஒரு விவாதம் நடக்கிறது’ என்று நடுநிலையாக ஒரு வரி போடலாம்.

இந்தியா, பாகிஸ்தான் தொடர்பான தலைப்புகள் ஆங்கில விக்கிப்பீடியாவில் ‘சர்ச்சைக்குரிய தலைப்புகள்’ வகையில் வருகின்றன. அவற்றில் ஒரு நிர்வாகியே தனித்து உங்களுக்குத் தலைப்புத் தடை (அந்தத் தலைப்பில் எதையும் தொகுக்கக் கூடாது என்ற தடை) போட முடியும், ஆகவே முதல் படியைக் கூடுதல் கறாராகப் பின்பற்றுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் இத்தனை அடுக்குகள் கிடையாது. பேச்சுப் பக்கத்தில் தீராததை ஆலமரத்தடிக்கு (அங்குள்ள பொது உரையாடல் பக்கம்) கொண்டுபோய், பேச்சுப் பக்க இணைப்போடு ஒரு வரி போட்டால் போதும்.