டெல்லி குளிருக்கு யோகாவும் நல்லெண்ணெயும்

டெல்லில இருக்கற நம்மாளுங்களுக்கு ஒரு குறிப்பு. நவம்பர் வந்தாச்சுன்னா விடிகாலைல பார்க்ல உக்காந்து பிராணாயாமம் பண்றத நிறுத்திடுங்க, குளிர்ல புகை மேல போகாம கீழயே தங்கி நிக்கும், ஆழமா மூச்சு இழுத்தா அத்தனையும் நுரையீரலுக்குள்ள தான் போகும். வீட்டுக்குள்ளயே மூட்டெல்லாம் நல்லா சுத்தி உடம்ப சூடேத்திட்டு அப்பறம் மெதுவா சூரிய நமஸ்காரம் ஆரம்பிங்க. நாக்க சுருட்டி மூச்சு இழுத்து உடம்ப குளிர வைக்கற சீதளி பிராணாயாமம் இப்ப வேண்டவே வேண்டாம், அது மே மாச வெயிலுக்கு.

முகத்துக்கு கடலை மாவு போட்டா இந்த சீசன்ல இன்னும் வறண்டு போகும், பயத்தமாவுல பாலாடை குழைச்சு போடுங்க. தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்கு கீழ போனாலே உறைஞ்சுடும், அதனால நல்லெண்ணெய் தான் என் சாய்ஸ், வெதுவெதுன்னு குளிச்சுட்டு ஈரம் காயறதுக்குள்ள லேசா தடவுங்க, குளிக்கற தண்ணிய கொதிக்க கொதிக்க மட்டும் ஊத்திக்காதீங்க, தோல்ல இருக்கற எண்ணெய்ப்பசையும் போயிடும். குதிகாலுக்கும் மறக்காம தடவுங்க.