நீரும் நெருப்பும் படாத இனிப்பு: பழநிப் பஞ்சாமிர்தத்தை வீட்டில் செய்யும் முறை

பஞ்சாமிர்தத்தை அடுப்பில் ஏற்ற வேண்டியதில்லை; ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்கக் கூடாது. இந்த இரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டால், மீதி வேலை பெரும்பாலும் பழத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. ஆகவே செய்முறைக்கு முன் அந்தப் பழத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பால், தயிர், நெய், தேன், சர்க்கரை ஆகிய ஐந்தையும் பஞ்சாமிர்தம் என்று கொள்வது பல கோயில்களில் உள்ள வழக்கம். பாம்பன் சுவாமிகள் முருகன்மீது பாடிய பஞ்சாமிர்த வண்ணமும் இந்த ஐந்தையே தன் ஐந்து பகுதிகளாகக் கொண்டது. பழநியிலோ பாலும் தயிரும் விலகி, மலைவாழைப்பழமும் பேரீச்சையும் உள்ளே வந்திருக்கின்றன. ஞானப்பழம் கிட்டாமல் கோபித்து வந்த பிள்ளையை ‘பழம் நீ’ என்று தேற்றிய கதை வழங்கும் ஊருக்கு இது பொருத்தமான மாற்றம்தான். ஆயினும் நடைமுறைக் காரணம் ஒன்றும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். செட்டிநாட்டிலிருந்து நகரத்தாரும், சேலம் மாவட்டத்து எடப்பாடியிலிருந்து காவடிக் குழுவினரும், தைப்பூசத்தை ஒட்டி இன்றும் நடந்தே பழநிக்கு வருகிறார்கள். இப்படி நாள்கணக்கில் நடந்து ஊர் திரும்பியவர்கள் கையில் பாலும் தயிரும் கலந்த பிரசாதம் தாங்கியிருக்காது. சர்க்கரையில் ஊறிய பழம் தாங்கும். எடப்பாடி பக்தர்கள் மலைமேலேயே பெருமளவில் பஞ்சாமிர்தம் தயாரித்து, ஓர் இரவு அங்கேயே தங்கும் வழக்கத்தையும் காத்துவருகிறார்கள்.

அந்த மலைவாழையை விருப்பாச்சி என்பார்கள். ஒட்டன்சத்திரத்தை அடுத்த விருப்பாச்சி, ஆங்கிலேயரை எதிர்த்த பாளையக்காரர் கோபால் நாயக்கரின் ஊர். பழநி மலைத்தொடரின் கீழ்ச்சரிவுகளில் மழையை மட்டும் நம்பி, காப்பித் தோட்டங்களுக்கு இடையே வளரும் இந்த வாழையின் பழம் உருவில் சிறியது, சதை இறுகியது, நீர்ச்சத்து குறைந்தது. பிசைந்தால் கூழாக ஓடாமல் களியைப்போல் திரள்வது இதனால்தான். அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் 1970களில் இந்த மலைத் தோட்டங்களைப் பெரிதும் அழித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகளை உருவாக்கித் தந்த பிறகே மலைவாழை மெல்ல மீண்டது. பழநிப் பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. தமிழகக் கோயில் பிரசாதம் ஒன்றுக்கு அப்பெருமை கிடைத்தது அதுவே முதல் முறை. விருப்பாச்சி வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பே அக்குறியீடு கிடைத்துவிட்டது. பிரசாதத்துக்கு முன் பழத்துக்குச் சிறப்பு சேர்ந்தது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

இனிச் செய்முறைக்கு வருவோம். தோல் நீக்கிய மலைவாழைப்பழம் அரைக் கிலோ, நாட்டுச் சர்க்கரை 350 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சை 50 கிராம், உலர்ந்த திராட்சை 25 கிராம், டைமண்ட் கற்கண்டு 50 கிராம், தேன் இரண்டு மேசைக்கரண்டி, பசுநெய் ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய்த் தூள் அரைத் தேக்கரண்டி ஆகியவை வேண்டும். தேனையும் நெய்யையும் சம அளவில் கலக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதால் இந்த அளவைச் சொல்கிறேன். சர்க்கரைக்கு ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடி பெயர்பெற்றது. கட்டி தட்டாத, உலர்ந்த சர்க்கரையாகப் பார்த்து வாங்குங்கள். மலைவாழை கிடைக்காத ஊர்களில் நன்கு கனிந்த கற்பூரவள்ளியைக் கொள்ளலாம். பச்சைவாழை வேண்டாம், அதன் நீர்ப்பதம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

பழத்தின் தோலில் கரும்புள்ளிகள் படர்ந்து, காம்பு எளிதில் விடுபடும் நிலை வரும்வரை பொறுத்திருங்கள். காய்ப்பதம் மாறாத பழத்தில் துவர்ப்பு நிற்கும். அதை எந்தச் சர்க்கரையாலும் மறைக்க முடியாது. பாத்திரம், கரண்டி, கை எல்லாம் ஈரமின்றி உலர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே புகும் சிறிது நீரே புளிப்பு ஏறுவதற்குப் போதுமானது. பழத்தைக் கையாலேயே பிசையுங்கள். மிக்ஸியில் அடித்தால் காற்றுப் புகுந்து நுரைக்கும். பழத்தின் இழையும் அழிந்து, வாயில் வெறும் மாவாக நிற்கும்.

பிசைந்த பழத்தில் நாட்டுச் சர்க்கரையைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலந்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள். சர்க்கரை பழத்திலுள்ள நீரை இழுத்துக் கரையும்போது கலவை முதலில் தளர்ந்து, பிறகு பளபளப்பு ஏறும். நுண்ணுயிர் வளரத் தேவையான நீரைச் சர்க்கரை பிடித்துவைப்பதால்தான் இது விரைவில் கெடுவதில்லை. அதன்பின் பொடியாக நறுக்கிய பேரீச்சையையும் திராட்சையையும் சேர்த்து, தேனை ஊற்றிக் கிளறுங்கள். இளஞ்சூட்டில் உருக்கி ஆறவைத்த நெய்யையும் ஏலத்தூளையும் அடுத்துச் சேருங்கள். கற்கண்டைக் கடைசியில் போடுங்கள். முன்னதாகப் போட்டால் கரைந்துபோய், பல்லில் நறுக்கென்று கடிபடும் அந்த இன்பம் கிட்டாது.

தைப்பூசம், பங்குனி உத்திரம், கிருத்திகை நாள்களில் வீட்டிலுள்ள சிறு வேலுக்கோ முருகன் சிலைக்கோ இதனால் அபிஷேகம் செய்வதானால், அபிஷேகத்துக்கு வேண்டியதை முன்பே தனியாக எடுத்துவைத்துவிடுங்கள். அபிஷேகமானது பாலோடும் நீரோடும் கலந்துவிடுவதால் அதை அன்றே பகிர்ந்து உண்ண வேண்டும். மீதியைக் கண்ணாடிச் சாடியிலோ பீங்கான் ஜாடியிலோ இட்டு மூடினால் வெளியில் இரண்டு மூன்று நாளும், குளிர்பெட்டியில் இரண்டு வாரமும் இருக்கும். எடுக்கும்போதெல்லாம் உலர்ந்த கரண்டியையே பயன்படுத்துங்கள். நுரையோ கள்வாடையோ தென்பட்டால் உண்ணாமல் ஒதுக்கிவிடுங்கள்.

செய்த அன்றைவிட மறுநாள்தான் ஏலமும் தேனும் பழத்தோடு ஒன்றிச் சுவை கூடும் என்பதால், விழாவுக்கு முதல்நாள் மாலையிலேயே கலந்து வைத்துவிடுங்கள்.